சுகர் புண்ணுக்குக் கட்டு மாத்துனா மட்டும் போதாது, அடியில இருக்குற எலும்பக் கேளுங்க

எங்க அப்பாவுக்கு இடது கால்ல, பெருவிரலுக்குக் கீழ உள்ளங்கால் மேட்டுல ஒரு புண்ணு. பழைய நாலணா காசு அளவுதான் இருக்கும். மூணு மாசமா ஒரு கிளினிக்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாத்துனோம், மேல பாத்தா செவசெவன்னு நல்ல சதை வந்துட்டு இருந்துச்சு, நாங்களும் ஆறிடும்னு நம்பிட்டே இருந்தோம், ஆனா ஓரத்துல ஒரு சின்ன ஓட்டை மட்டும் மூடவே இல்ல, தெனமும் பஞ்சுல ஒரு சொட்டு மஞ்சத்தண்ணி. அப்புறம் வேற ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அங்க இருந்த சின்ன வயசு டாக்டரம்மா மெல்லிசா ஒரு ஸ்டீல் கம்பிய அந்த ஓட்டைக்குள்ள விட்டாங்க. உள்ள போயி டக்குன்னு கல்லுல இடிச்ச மாதிரி நின்னுச்சு. "ஐயா, வலிக்குதா?"ன்னு கேட்டாங்க. "எங்கம்மா குத்துன?"ன்னு அப்பா திருப்பிக் கேக்குறாரு. எனக்குத்தான் தல சுத்திருச்சு. அந்த மூணு மாசத்துல ஒரு எக்ஸ்ரே கூட எடுக்கச் சொல்லல யாரும். நாங்களும் கேக்கல, கேக்கணும்னு தெரியாது.

அதனாலதான் இத எழுதுறேன். வீட்டுல யாருக்காவது இப்பத்தான் கால்ல சுகர் புண்ணு வந்திருக்கு, எங்க ஆரம்பிக்கிறதுன்னே புரியலன்னு இருக்குறவங்களுக்கு. நான் டாக்டர் இல்ல, ரெண்டு வருஷம் கூடவே அலைஞ்ச ஆளு, அவ்ளோதான். இதப் படிச்சிட்டு மாத்திரைய நிறுத்துறது, கூட்டுறது எதுவும் வேணாம். டாக்டர்கிட்ட என்ன கேக்கணும், வீட்டுல என்ன கவனிக்கணும், அதுக்கு மட்டும் வெச்சுக்கோங்க.

முதல்ல: எலும்புல மூணு தனித்தனி பிரச்சனை இருக்குன்னு புரிஞ்சுக்கோங்க

ஒரு பாதத்துல 26 எலும்பு இருக்கு. தொடை மாதிரி இல்ல, விரல் நுனி, உள்ளங்கால் மேடு, குதிகால் இங்கெல்லாம் தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல சதை ரொம்பக் கம்மி. சுகர் வருஷக்கணக்கா இருந்து நரம்பு மரத்துப்போனா கல்லு குத்துனாலும் தெரியாது, செருப்புக்குள்ள ஆணி இருந்தாலும் தெரியாது, அந்தக் காலையே ஊனி ஊனி நடந்து புண்ணு ஆழமாகி எலும்ப எட்டிரும். வேலூர் சிஎம்சியில பால் பிராண்ட்னு ஒரு டாக்டர் இருந்தாரு, 1946ல இங்க வந்தவரு, தொழுநோயாளிகளோட கை காலப் பாத்துப் பாத்து அவரு கண்டது இதான், நோய் நேரா விரலத் திங்கிறது இல்ல, வலி தெரியாததால அவங்க அந்தப் புண்ணு மேலயே நடக்குறாங்க. பின்னாடி அவரு அமெரிக்காவுல கார்வில்ங்குற ஊருக்குப் போயி இதே பாடத்த சுகர் புண்ணுக்கும் பயன்படுத்துனாரு. நம்ம ஊர்ல இன்னைக்கு எம்சிஆர் (மைக்ரோசெல்லுலார் ரப்பர்ங்குற மெத்து ரப்பர்) செருப்புன்னு விக்கிறாங்களே, அதுவும் தொழுநோயாளிகளுக்காக வந்ததுதான்.

சரி, அந்த மூணு பிரச்சனை என்னென்ன. ஒண்ணு, புண்ணு வழியா கிருமி எலும்புக்குள்ள போயி சீழ் வெக்கிறது, டாக்டருங்க ஆஸ்டியோமைலைட்டிஸ்னு சொல்லுவாங்க. ரெண்டு, மரத்துப்போன பாதத்துல எலும்பும் மூட்டும் தானா நொறுங்கி எடம் மாறுறது, இது சார்க்கோ பாதம், இதுக்குப் புண்ணே வேணும்னு இல்ல. மூணு, சுகரால உடம்பு முழுக்க எலும்போட தரம் கெட்டுப்போறது, கீழ விழுந்தா இடுப்பு முறியிறது இதனாலதான். ஒரே ஆளுக்கு மூணும் இருக்கலாம். ஆனா வைத்தியம் மூணுக்கும் வேற வேற, ஒண்ண இன்னொண்ணுன்னு நெனச்சுட்டா மாசக்கணக்குல வீணாப்போகும்.

முதல் விசிட்ல கேக்க வேண்டியது

"புண்ணு எலும்பு வரைக்கும் போயிருக்கா?" இந்த ஒரு கேள்விய வாய்விட்டு கேட்டுருங்க. கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாரோன்னு நெனைக்காதீங்க, நல்ல டாக்டர் சந்தோஷப்படுவாரு. அந்தக் கம்பி டெஸ்ட் ரெண்டு நிமிஷ வேல, ஸ்கேனும் வேணாம், பெரிய செலவும் கெடையாது. கம்பி எலும்புல தட்டுச்சுன்னா எலும்புல இன்ஃபெக்ஷன் இருக்க வாய்ப்பு அதிகம், தட்டலன்னா கம்மி, ஆனா அத மட்டுமே வெச்சு முடிவு பண்ண மாட்டாங்க. தயவுசெஞ்சு இத வீட்டுல தீக்குச்சி, ஊக்கு வெச்சு யாரும் டிரை பண்ணாதீங்க, எங்க சொந்தத்துலயே ஒருத்தர் பட்ஸ வெச்சு ஆழம் பாத்தாரு, பஞ்சு உள்ளயே மாட்டிக்கிச்சு.

எக்ஸ்ரே ரெண்டு காலுக்கும் எடுக்கச் சொல்லுங்க, ஒப்பிட்டுப் பாக்க வசதி. இங்கதான் புதுசா வர்றவங்க ஏமாறுற எடம்: எக்ஸ்ரே நார்மல்னு வந்தா எலும்பு நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. எலும்புல இருக்குற தாது உப்பு ஏறக்குறைய மூணுல ஒரு பங்காவது கரைஞ்சாத்தான் படத்துல தெரியவே செய்யும், அதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும். அதனால சந்தேகம் இருந்தா ரெண்டு மூணு வாரம் கழிச்சு அதே எக்ஸ்ரே திருப்பி எடுத்து, பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாங்க. பழச தூக்கிப் போட்டுட்டா போச்சு. இன்னும் சந்தேகம்னா எம்ஆர்ஐ, அதுல சீக்கிரமே தெரிஞ்சிரும்.

ரத்தத்துல இஎஸ்ஆர், சிஆர்பி ரெண்டும் பாப்பாங்க, உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுற டெஸ்ட் அது. காலுல புண்ணு இருக்குறப்ப இஎஸ்ஆர் 70க்கு மேல போனா எலும்ப சந்தேகப்படணும்னு ஒரு கணக்கு உண்டு. வெள்ளையணு நார்மலா இருக்கு, காய்ச்சல் இல்ல, அதனால ஒண்ணும் இல்லன்னு யாராவது சொன்னா அத அப்படியே நம்பாதீங்க, சுகர்காரங்களுக்கு எலும்புல சீழ் இருந்தும் காய்ச்சலே வராம இருக்குறது சர்வசாதாரணம். அப்பாவுக்கு ஒரு நாள் கூட காய்ச்சல் வரல.

வீட்டுல நீங்களே கவனிக்கக்கூடிய அடையாளமும் உண்டு. விரல் ஒண்ணு மட்டும் அடி முதல் நுனி வரைக்கும் உருண்டையா செவந்து வீங்கி நிக்கிறது. புண்ணுக்குள்ள வெள்ளையா எலும்பு தெரியிறது, இல்ல கட்டு பிரிக்கும்போது பொடிப்பொடியா எலும்புத் துணுக்கு வர்றது. ரத்த ஓட்டம் நல்லா இருக்கு, காலும் ஊனாம பாத்துக்கிட்டோம், சுகரும் கட்டுப்பாட்டுல இருக்கு, ஆனாலும் ஆறு வாரமா ஆறல, அப்படின்னா அது எலும்புதான்னு மொதல்ல நெனச்சுக்கிட்டு அப்புறம் இல்லன்னு நிரூபிக்கச் சொல்லணும். என் அனுபவத்துல அந்த வரிசைதான் சரி.

இன்னொண்ணு, சாம்பிள். மேலாப்புல பஞ்ச வெச்சுத் தொடச்சு அனுப்புற கல்ச்சர்ல (கிருமிய வளத்துப் பாக்குற டெஸ்ட்) தோல் மேல சும்மா உக்காந்திருக்குற கிருமி எல்லாம் வந்துரும், எலும்புக்குள்ள இருக்குற கிருமி வேறயா இருக்கலாம். சரியான மருந்து தேடணும்னா எலும்புத் துணுக்கு எடுத்து அனுப்புறதுதான் பெஸ்ட், எல்லாருக்கும் எல்லா எடத்துலயும் எடுக்க முடியாது, ஆனா "எலும்புலேர்ந்து எடுக்க முடியுமா டாக்டர்?"னு கேக்குறதுல தப்பில்ல. அதுக்கு முன்னாடி மெடிக்கல் ஷாப்ல நீங்களா ஆன்டிபயாடிக் வாங்கிக் குடுத்துட்டீங்கன்னா கல்ச்சர்ல எதுவுமே வளராமப் போகலாம், அப்புறம் டாக்டர் கண்ணக் கட்டிக்கிட்டு மருந்து எழுதுற மாதிரிதான்.

ரத்த ஓட்டத்தையும் இந்த விசிட்லயே பாத்துருங்க. இதுல ஒரு வேடிக்கை, எக்ஸ்ரேல எலும்புக்கு நடுவுல ரயில் தண்டவாளம் மாதிரி ரெண்டு வெள்ளைக் கோடு ஓடுச்சு அப்பாவுக்கு, என்னன்னு கேட்டா அது ரத்தக்குழாயாம், சுவர்ல சுண்ணாம்பு படிஞ்சு கல்லாயிருச்சாம். அப்படி இருக்குறவங்களுக்கு கணுக்கால்ல பட்டையக் கட்டி எடுக்குற பிரஷர் பொய்யா நல்லா இருக்குற மாதிரி காட்டும், அதனால விரல்ல பிரஷர் எடுக்குறதோ, ரத்த ஓட்டத்தப் பாக்குற டாப்ளர் ஸ்கேனோ தேவப்படும். ரத்தம் போகாத எடத்துக்கு மருந்தும் போகாது.

எலும்புல இன்ஃபெக்ஷன்தான்னு உறுதியாயிருச்சுன்னா

உடனே வெட்டணும்னு பயப்பட வேணாம். சில பேருக்கு எலும்ப எடுக்காமலே ஆன்டிபயாடிக்லயே சரியாகும், அதுக்கு 6 வாரம்ங்குறதுதான் இப்ப சர்வதேச வழிகாட்டுதல். கெட்டுப்போன எலும்ப ஆபரேஷன்ல எடுத்துட்டு, மிச்சம் இருக்குற ஓரத்துலயும் கிருமி இருக்குன்னு வந்தா சுமார் 3 வாரம். வெறும் சதையில மட்டும் இன்ஃபெக்ஷன்னா ஒண்ணு ரெண்டு வாரத்துல முடிஞ்சிரும். இந்த வித்தியாசம் தெரியாமத்தான் நெறைய பேரு அஞ்சு நாள் மாத்திர போட்டு, வீக்கம் வடிஞ்சதும் நிறுத்தி, ஒரு மாசம் கழிச்சு திருப்பி அதே எடத்துல சீழ் வந்து நிக்கிறாங்க.

இங்க ஒரு சின்ன விஷயம், எங்களுக்கு ஒரு நர்ஸ் அக்கா சொன்னது, டாக்டர் கூட சொல்லல. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் இந்த மாதிரி ஆன்டிபயாடிக்க கால்சியம் மாத்திர, அயர்ன் மாத்திர கூட சேத்துப் போட்டா மருந்து உடம்புல சரியா ஏறாமப் போயிரும். எலும்புக்கு நல்லதுன்னு கால்சியமும் குடுத்து, எலும்பு இன்ஃபெக்ஷனுக்கு ஆன்டிபயாடிக்கும் குடுத்து, ரெண்டையும் ஒரே டம்ளர் பாலோட முழுங்க வெச்சா என்ன ஆகும்? நாங்க பத்து நாள் அதத்தான் செஞ்சோம். எவ்ளோ இடைவெளி விடணும்னு மருந்துக்கு மருந்து மாறும், ஃபார்மசிஸ்ட்கிட்ட கேட்டு சீட்டுலயே மணி எழுதி வாங்கிக்கோங்க. இந்த சிப்ரோ லீவோ வகை சுகர திடீர்னு எறக்கவும் செய்யும், அதுவும் கிளிமிபிரைட் மாதிரி மாத்திர போடுறவங்களுக்கு, அதனால அந்த நாள்ல வீட்டு மெஷின்ல கொஞ்சம் அதிகமாவே சுகர் பாருங்க.

ஆபரேஷன்னு சொன்னாங்கன்னா எந்த எலும்பு, எவ்ளோ, ஏன்னு கேளுங்க. ஒரு விரல எடுத்தா பாதத்தோட பாரம் பக்கத்து எலும்புக்கு மாறும், அங்க புதுப் புண்ணு வரலாம், அதுக்கு செருப்புல என்ன மாத்தணும்னும் அன்னைக்கே கேட்டுருங்க. வேணாம்னு அடம் புடிச்சு தள்ளிப்போட்டு விரல்ல முடிய வேண்டியது முழங்கால் வரைக்கும் போன கதையும் வார்டுல பக்கத்து பெட்லயே பாத்துட்டேன், தேவையில்லாம அவசரப்பட்ட கதையும் கேட்டேன். முடிஞ்சா ரத்தக்குழாய் டாக்டர் ஒருத்தர் பாத்த பிறகு முடிவெடுங்க. கருப்பாகி நாத்தம் வர்ற காலுக்கு மட்டும் இந்த ரெண்டாவது கருத்து, மூணாவது கருத்துக்கெல்லாம் நேரம் இல்ல.

மருந்து முடிஞ்ச அன்னைக்கு ஜெயிச்சுட்டோம்னு லட்டு குடுக்காதீங்க (குடுத்தாலும் அவருக்குக் குடுக்காதீங்க). கடைசி ஆன்டிபயாடிக் முடிஞ்சு குறைஞ்சது 6 மாசம் திரும்ப வராம இருந்தாத்தான் எலும்பு தேறிடுச்சுன்னு சொல்லுவாங்க.

செவந்து சூடா வீங்கியிருக்கு, ஆனா பெருசா வலி இல்ல: இது வேற கதை

இதுதான் மேல சொன்ன சார்க்கோ பாதம். இதப்பத்தி நம்ம பக்கம் பேச்சே கம்மி, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். 1868ல பாரிஸ்ல சார்க்கோன்னு ஒரு நரம்பு டாக்டர் நரம்பு கெட்டவங்களுக்கு மூட்டு நொறுங்குறதப் பத்தி எழுதுனாரு, சுகருக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குன்னு 1936லதான் எழுதுனாங்க. நடக்குறது என்னன்னா, மரத்துப்போன கால்ல ஒரு சின்ன சுளுக்கோ, கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசலோ வரும். வலி தெரிஞ்சா நொண்டுவோம், காலுக்கு ஓய்வு கெடைக்கும். வலியே இல்லாததால அதே கால்ல கடைக்கும் போயி, மாடியும் ஏறி இறங்கி, உள்ள வீக்கமும் சூடும் அதிகமாகி, எலும்பக் கரைக்கிற செல்லுங்க தறிகெட்டு வேல செய்ய ஆரம்பிச்சிரும். எலும்பு நொறுங்கி, வளைவு இறங்கி, கடைசியில உள்ளங்கால் படகோட அடிப்பக்கம் மாதிரி வெளிய தள்ளிக்கிட்டு நிக்கும். அந்தத் தள்ளுன எலும்பு மேலதான் அப்புறம் ஆறாத புண்ணு.

ஆரம்பத்துல புடிச்சா பாதத்தோட வடிவத்தக் காப்பாத்தலாம். ஆனா ஆரம்பத்துலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. ஒருத்தர் யூரிக் ஆசிட்னு மாத்திர குடுப்பாரு, ஒருத்தர் இன்ஃபெக்ஷன்னு ஆன்டிபயாடிக் குடுப்பாரு, ஒருத்தர் ரத்தம் கட்டியிருக்குன்னு ஸ்கேன் எழுதுவாரு, வீட்டுல பெரியவங்க சுளுக்கு வழிக்கக் கூட்டிட்டுப் போவாங்க. சுளுக்கு வழிக்கிறது, எண்ணெய் போட்டு நீவுறது, வெந்நீர் ஒத்தடம், இது மூணும் வேணவே வேணாம். ஏற்கனவே உடைஞ்சுட்டு இருக்குற எலும்ப போட்டு அமுக்குறீங்க. ஒத்தடத்துல தோல் வெந்தா கூட அவங்களுக்குத் தெரியாது.

வீட்டுலயே ஒரு சோதனை இருக்கு. கொரோனா காலத்துல வாங்குன நெத்தி தெர்மாமீட்டர் எல்லார் வீட்டுலயும் ஒண்ணு கெடக்கும், அதுல உடம்பு, பொருள்னு ரெண்டு மோடு இருக்கும், பொருள் மோடுல வெச்சுக்கோங்க. ஏசி, ஃபேன் காத்து நேரா படாம பத்து நிமிஷம் காலத் தொறந்து வெச்சிட்டு ரெண்டு பாதத்துலயும் அதே அதே எடத்துல பாருங்க, பெருவிரல் அடி, நடுப்பாதம், கணுக்கால். ரெண்டு காலுக்கும் வித்தியாசம் 2 டிகிரி செல்சியஸ் மேல இருந்து அது அடுத்தடுத்த நாளும் அப்படியே இருந்தா காலக் கீழ ஊனாம டாக்டர்கிட்ட போகணும். காலத் தலையணை மேல தூக்கி வெச்சா சார்க்கோ செவப்பு கொஞ்ச நேரத்துல மங்கும், இன்ஃபெக்ஷன் செவப்பு அவ்ளோ சீக்கிரம் மங்காது. இது ஒரு குறிப்புதான், தீர்ப்பு இல்ல. ஏன்னா புண்ணும் இருந்து செவப்பும் இருந்தா ரெண்டும் சேந்தே இருக்கலாம், பெரிய டாக்டருங்களே திணறுற எடம் அது.

வைத்தியம் என்னன்னா முழங்காலுக்குக் கீழ வரைக்கும் ஒட்டி போடுற மாவுக்கட்டு, கழட்ட முடியாத மாதிரி. மொத எக்ஸ்ரே நார்மலா இருந்தாலும் சந்தேகம் பலமா இருந்தா கட்டு போட்டுட்டு அப்புறம் எம்ஆர்ஐ பாப்பாங்க. வாரக்கணக்குல இல்ல, மாசக்கணக்குல ஆகும். வீக்கம் வடிய வடிய கட்டு லூசாகும், அதனால அடிக்கடி மாத்தணும், லூசான கட்டுக்குள்ள கால் உரசிப் புதுப் புண்ணு வந்துரும். எலும்பு மெலியிற நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) போடுற ஊசி மாத்திரய இதுக்கும் போட்டா சீக்கிரம் சரியாகும்னு யாராவது சொன்னா, இப்ப இருக்குற வழிகாட்டுதல் இந்த நிலைக்கு அத பரிந்துரைக்கலங்குறத தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

காலுக்கு ஓய்வு குடுக்கணும், எலும்புக்கு வேலையும் குடுக்கணும்

பாதத்து அடியில இருக்குற புண்ணுக்கு மருந்தவிட பெரிய மருந்து அந்த எடத்துல பாரம் படாம இருக்குறது. "வீட்டுக்குள்ள நாலு எட்டுதானே"ன்னு எங்க அப்பா சொல்லுவாரு. பாத்ரூமுக்கு, வாசல்ல பேப்பர் எடுக்க, டிவி ரிமோட்டுக்கு, ஒரு நாள் எண்ணிப் பாத்தேன், அந்த நாலு எட்டு இருநூறத் தாண்டிருச்சு. கழட்டி மாட்டுற பூட்ஸ் குடுத்தா பாதி பேரு வீட்டுக்குள்ள கழட்டிப் போட்டுருவாங்க, அதனாலதான் கழட்ட முடியாத கட்டு நல்லா வேல செய்யுது. ரத்த ஓட்டம் மோசமா இருந்தாலோ, இன்ஃபெக்ஷன் அதிகமா இருந்தாலோ கழட்ட முடியாத கட்டு போட மாட்டாங்க, அத டாக்டர்தான் சொல்லணும்.

ஆனா இதுல ஒரு இக்கட்டு இருக்கு. எலும்பு பாரம் தாங்குனாத்தான் உறுதியா இருக்கும், மாசக்கணக்குல ஊனாம வெச்சா அந்தக் காலு எலும்பு மெலியும், தொடைச் சதையும் வத்திரும். புண்ணு ஆறுன சந்தோஷத்துல மறுநாளே மார்க்கெட்டுக்கு நடந்தா மெலிஞ்ச எலும்பு விரிசல் விடும். அதனால படுத்தே கெடக்க விடாதீங்க. நாற்காலியில உக்காந்து முழங்கால நீட்டி பத்து எண்ணி மடக்குறது, நேரா படுத்து தொடைய இறுக்கி விடுறது, தண்ணி பாட்டில்ல மணல் போட்டு கையால தூக்குறது, இதெல்லாம் பாதத்துல பாரம் ஏத்தாது. பிசியோதெரபிஸ்ட்ட ஒரே ஒரு தடவ பாத்து எது செய்யலாம்னு கேட்டு எழுதிக்கோங்க.

நல்ல காலையும் மறந்துறாதீங்க. கட்டு போட்ட கால் ஒசரமாயிரும், நொண்டி நொண்டி மொத்த பாரமும் மத்த காலுக்குப் போகும், அங்க புண்ணோ சார்க்கோவோ வர்றது புதுசு இல்ல. அந்தப் பக்க செருப்புக்கு அடியில கனமா ஒரு சோல் ஒட்டி ரெண்டு பக்கமும் சமமாக்கிக்கணும், தெருமுனை செருப்பு தைக்கிறவரே செஞ்சு குடுப்பாரு. ராத்திரி பாத்ரூம் போற வழியில லைட்டு, கைப்பிடி, வாக்கர். இந்தியன் டாய்லெட்டுல குந்தி எந்திரிக்கிறது மாவுக்கட்டோட முடியவே முடியாது, நடுவுல ஓட்டை போட்ட சேர் சர்ஜிகல் கடையில கெடைக்கும், மொத நாளே வாங்கிருங்க.

உடம்பு முழுக்க இருக்குற எலும்பு

டைப் 2 சுகர்ல ஒரு விநோதம். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தா நம்பர் நல்லாவே இருக்கும், சில சமயம் மத்தவங்களவிட அதிகமாவும் இருக்கும், ஆனா உடையிற வாய்ப்பு அதிகம். ஏன்னா அளவு இருக்கு, தரம் இல்ல. வருஷக்கணக்கா ஏறுன சர்க்கரை எலும்புக்குள்ள இருக்குற நார்ல ஒட்டி அத மொறுமொறுன்னு ஆக்கிருது, பழச எடுத்துட்டு புதுசு கட்டுற வேலையும் மந்தமாயிருது. காஞ்ச சுள்ளி தடியா இருந்தாலும் மடக்குனா படக்குன்னு ஒடையும்ல, அந்த மாதிரி. அதனால பொதுவா அந்த ஸ்கேன்ல வர்ற டி ஸ்கோர்ங்குற நம்பர் மைனஸ் 2.5 வந்தாத்தான் ஆஸ்டியோபோரோசிஸ்னு சொல்லுவாங்கன்னாலும், சுகர் இருக்குறவங்களுக்கு மைனஸ் 2லயே வைத்தியம் யோசிக்கலாம்னு அமெரிக்க சுகர் சங்கம் சொல்லுது. ரிப்போர்ட் நார்மல்னு வந்தா அதோட விட்டுறாதீங்க, ஏற்கனவே லேசா விழுந்ததுக்கே மணிக்கட்டோ முதுகோ ஒடைஞ்சிருந்தா அத முன்கூட்டியே சொல்லுங்க.

மாத்திர லிஸ்ட்ட ஒரு தடவ டாக்டர் முன்னாடி விரிச்சு வெச்சு "இதுல எலும்புக்கோ காலுக்கோ ஆகாதது ஏதாவது இருக்கா?"ன்னு கேளுங்க. பயோகிளிட்டசோன்ங்குற சுகர் மாத்திர எலும்பு முறிவ அதிகமாக்கும், முக்கியமா பெண்களுக்கு. கேனாகிளிஃப்ளோசின்ங்குற இன்னொரு சுகர் மாத்திரைல ஒரு பெரிய ஆய்வுல விரல் எடுக்குறதும் எலும்பு முறிவும் அதிகமா வந்துச்சு, கால்ல புண்ணு இருக்குறப்ப அந்தக் குடும்பத்து மாத்திரய புதுசா ஆரம்பிக்கிறதுல டாக்டருங்க தயங்குவாங்க. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போட்டா பி12 குறையலாம், அது நரம்ப இன்னும் கெடுக்கும், ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிரும். இதெல்லாம் கேக்குறதுக்கு, நிறுத்துறதுக்கு இல்ல.

வைட்டமின் டி. வெயில் கொளுத்துற ஊர்ல இது கொறையுமான்னு கேக்காதீங்க, கால்ல புண்ணோட வீட்டுக்குள்ளயே கெடக்குறவருக்கு வெயில் எங்கேர்ந்து வரும். ரத்த ரிப்போர்ட்ல 20க்குக் கீழன்னா (ng/ml கணக்குல) குறைவு. பெரும்பாலும் 60,000 யூனிட் பாக்கெட்டு வாரம் ஒண்ணு, எட்டு வாரம்னு எழுதுவாங்க. வாரம் ஒண்ணு. சீட்டுல எழுத்து புரியாம தெனமும் ஒண்ணு கலக்கிக் குடிச்சு, கால்சியம் ஏறி வாந்தியும் மயக்கமுமா அட்மிட் ஆன ஆளுங்க உண்டு. கிட்னி பாதிச்சவங்களுக்கு கணக்கே வேற, பாஸ்பரஸ், பிடிஹெச் (கால்சியத்தக் கட்டுப்படுத்துற ஹார்மோன்) எல்லாம் பாத்துட்டுத்தான் குடுப்பாங்க, ரத்தக்குழாய்ல ஏற்கனவே சுண்ணாம்பு இருக்குறவரு தானா கால்சியம் மாத்திர வாங்கிப் போடக் கூடாது.

சாப்பாட்டுல, ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் பெரியவங்களுக்கு, மாதவிடாய் நின்னவங்களுக்கு 1200. கேழ்வரகு 100 கிராம்ல சுமார் 350 இருக்கு, ஆனா கூழாக் கரைச்சுக் குடிச்சா சுகர் சர்ருன்னு ஏறும், அதுக்குப் பதிலா முருங்கக்கீரை போட்ட ஒரு அடை, கூட மோர். எள்ளுப்பொடி நல்லது. நெத்திலி முள்ளோட சாப்பிடலாம், கருவாடா இருந்தா உப்பு அதிகம், பிரஷர்காரங்க தள்ளி இருங்க. புண்ணு இருக்கு, அசைவம் ஆகாது, முட்ட ஆகாது, சீழ் வெக்கும்னு வீட்டுல ஒரு கூட்டமே சொல்லும், எங்க பெரியம்மா அப்பாவுக்கு ரெண்டு மாசம் ரசஞ்சாதம்தான் போட்டாங்க. புரதம் இல்லாம சதையும் வளராது எலும்பும் சேராது. கிட்னி சரியா இருந்தா முட்ட, மீன், பருப்பு, சுண்டல் எல்லாம் வேணும். கிட்னி பிரச்சனை இருந்தா எவ்ளோன்னு டயட்டீசியன்ட்ட கேளுங்க. பீடி சிகரெட்ட விடச் சொல்லித் தனியா எழுதணுமா?

ஆறுன பிறகு

ஆறுன புண்ணுல பத்து பேருல நாலு பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ளயே திரும்ப வருது. அதனால இத ஆறிருச்சுன்னு சொல்லாம லீவுல போயிருக்குன்னு சொல்றதுதான் பொருத்தம். மொத வாரம் வீட்டுக்குள்ள பத்து நிமிஷம், அடுத்த வாரம் கொஞ்சம் கூட, ஒவ்வொரு தடவையும் நடந்து முடிச்சதும் கண்ணாடிய தரையில வெச்சு உள்ளங்காலப் பாக்கணும், தெர்மாமீட்டர் வெக்கணும். வீட்டுக்குள்ளயும் எம்சிஆர் செருப்பு. ஆணிக்கால் தெரிஞ்சா பிளேடு வேணாம், ஆணிக்கு ஒட்டுற பிளாஸ்திரியும் வேணாம், அதுல இருக்குற ஆசிட் நல்ல தோலையும் சேத்துத் திங்கும்.

கோயில் விஷயம் பெரிய சண்டையே நடக்கும். செருப்பு போட முடியாது, மத்தியானம் பிரகாரத்துக் கல்லு தோசைக்கல்லு மாதிரி இருக்கும், மரத்த கால்ல கொப்புளம் வந்தது ராத்திரிதான் தெரியும். நாங்க காலைல ஆறு மணிக்கே கூட்டிட்டுப் போறோம், புதுசா தொவச்ச கெட்டி சாக்ஸ் போட்டு, சுத்தாம நேரா சாமி பாத்துட்டு வந்துர்றது. பாதயாத்திரையும் தீமிதியும் இனி இல்லன்னு டாக்டர் வாயாலயே சொல்ல வெச்சுருங்க, நம்ம சொன்னா கேக்க மாட்டாங்க.

எப்ப காத்திருக்கக் கூடாதுன்னா: விரல் நீலமாவோ கருப்பாவோ மாறுனா, நாத்தம் வந்தா, செவப்பு புண்ணச் சுத்தி வெரல்கட அளவுக்கு மேல பரவிட்டே போனா, தோல அமுக்குனா நறநறன்னு சத்தம் வந்தா, குளிர் நடுக்கம், புலம்பல், இல்ல காரணமே இல்லாம சுகர் 300, 400னு ஏறுனா. காலைல பாத்துக்கலாம்னு நெனைக்காம 108க்கு அடிச்சிருங்க. அதுக்காகவே ஒரு பெரிய எக்ஸ்ரே கவர்ல பழைய படம் எல்லாத்தையும் தேதி எழுதி, கல்ச்சர் ரிப்போர்ட், இஎஸ்ஆர், கிரியேட்டினின் (கிட்னி டெஸ்ட்), மாத்திர லிஸ்ட், மருந்து அலர்ஜி, காப்பீட்டு கார்டு ஜெராக்ஸ்னு எல்லாத்தையும் ஒண்ணா போட்டு வெச்சுக்கோங்க, வாரா வாரம் புண்ண அதே தூரத்துல ஒரு ஸ்கேல பக்கத்துல வெச்சு ஃபோட்டோ எடுத்து அதோட தேதியும் எழுதுங்க, நாலு வாரத்துல பாதிக்குப் பாதி சின்னதாகலன்னா அந்த ஃபோட்டோவையே டாக்டர் மேசையில வெச்சு எலும்பப் பத்தி திருப்பிக் கேளுங்க. அந்தக் கவர பீரோவுக்குள்ள பூட்டாதீங்க. எங்க வீட்டுல வாசக்கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்குது, வாக்கருக்குப் பக்கத்துலயே.